பூவைத் தின்னும் வண்டுக்குப் பூ ஏன் இடம் கொடுக்கிறது?

துவரை பூக்கும் நாளில் காட்டில் இறங்கினால், கறுப்பு உடம்பில் செம்பட்டை போட்ட கொப்புள வண்டுகள் பூவோடு பூவாக உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கும். இதழ், மகரந்தம் என்ற பாகுபாடெல்லாம் அதற்கு இல்லை. துவரைப் பூ விரிவதற்கு முன்பே மொட்டுக்குள் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொண்டுவிடும். அதனால் இந்த வண்டின் உதவி அதற்குத் தேவையில்லை. தின்றது தின்றதுதான், அத்தனையும் நஷ்டக் கணக்கு.

சீதா மரத்தில் கணக்கு வேறு. அதன் பூ தலைகீழாகத் தொங்கும். தடித்த மூன்று இதழ்கள் லேசாகத்தான் விரியும், தேனீ நுழைய வழியில்லை. கனிந்த பழத்தின் வாடைக்கு வரும் பொடி வண்டுகள்தான் இடுக்கு வழியே உள்ளே போகின்றன. பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகே மகரந்தம் உதிர்க்கும். ஆண் நிலைப் பூவில் கொறித்த வண்டு, உடம்பில் ஒட்டிய தூளோடு பெண் நிலையில் உள்ள வேறொரு பூவுக்குப் போனால்தான் காய். சீதாப்பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம், அதாவது காயாக வளரும் பகுதி. மகரந்தம் எட்டாத பக்கம் சூம்பிவிடும். கோணல் பழம் கையில் கிடைத்தால், வண்டு சரியாக வராத பூ அது என்று சந்தேகப்படலாம்.

இந்த ஏற்பாட்டின் உச்சம் எண்ணெய்ப்பனை. மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது, அதன் பூச்சி வரவில்லை. காற்றே போதும் என்று நம்பியும் காய்ப்பு போதாமல், மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து ஆட்களை வைத்துத் தூவினார்கள். பாகிஸ்தான் பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்து, ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். 1981-இல் அது மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. கைவேலை தேவையற்றுப்போனது.

அந்த வண்டு தின்பது ஆண் பூவைத்தான். முட்டையிடுவதும் அதில்தான். மகரந்தம் கொட்டி முடிந்த பூவை அதன் புழு தின்று வளரும். மரத்துக்கு இனி வேண்டாத பொருள் என்பதால் கூலியாகக் கொடுப்பதில் நட்டமில்லை. பெண் பூவோ அதே சோம்பு மணத்தை வீசுகிறது. நம்பி வரும் வண்டுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. ஏமாந்து திரும்புவதற்குள் மகரந்தம் இறங்கிவிடும். சுத்த மோசடி, ஆனால் அழகான மோசடி.

ஆக, தின்பது பிரச்சினை இல்லை, எதைத் தின்கிறது என்பதுதான் கேள்வி. மெல்லும் வாய்க்கு எட்டாமல் சூலகத்தைக் காப்பதற்காகவே சில பூக்களில் அது இதழ்களுக்குக் கீழே இறங்கியிருக்கலாம் என்று 1950-இல் தாவரவியலாளர் வெர்ன் கிராண்ட் எழுதினார். கொய்யாவிலும் பூசணியிலும் பிஞ்சின் தலையில் பூ உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தமுறை பூவை மெல்லும் வண்டைக் கண்டால், அது போனபின் பூவைப் பிரித்துப் பாருங்கள். சூலகம் முழுதாக இருக்கிறதா, அதன் உச்சியில் மகரந்தம் வாங்கும் சூல்முடியில் தூள் ஒட்டியிருக்கிறதா? கொப்புள வண்டை மட்டும் வெறுங்கையால் நசுக்கிவிடாதீர்கள். பெயரே காரணம் சொல்லும்.