கடைக்குள் தெளிவு, வயலில் தலையிடி

வவுனியாவில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடிதான் எங்கள் பிரதான வேலை. ஆனால் பைனாகுலர் கேட்டும் ஆட்கள் வருகிறார்கள். யானைக்குக் காவல் இருக்கும் கமக்காரர், கட்டுக்கரைக் குளத்துக்கும் வங்காலைக்கும் பறவை பார்க்கப் போகும் பிள்ளைகள், முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்றொழிலாளர் என்று பலர். போர்க்காலத்தில் கையில் வைத்திருக்கவே பயந்த சாமான் இது. அதனாலோ என்னவோ, நல்லது கெட்டது பார்த்து வாங்கும் பழக்கம் எங்களிடம் இன்னும் வளரவில்லை.

சில வருடங்களுக்கு முன் நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு ஐயா வந்தார். கைக்கு அடக்கமான ஒரு 10×25 பைனாகுலரை எடுத்துக் கடை வாசலில் நின்று எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். "எழுத்தெல்லாம் பக்கத்தில நிக்குது தம்பி" என்று சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். "பொழுதுபட்டா ஒண்டும் தெரியேல்லை. கொஞ்ச நேரம் பாத்தா தலையிடிக்குது." நான் சொன்ன பதில்: "பழகினால் சரியாயிடும் ஐயா."

அவர் பேசாமல் போய்விட்டார். அடுத்த மாதம் மறுபடி வந்தபோதுதான் அதை வாங்கி ஒழுங்காகச் சோதித்தேன். இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. எனக்குச் சாமான் தந்த கொழும்பு மொத்த வியாபாரி திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். நட்டத்தை நானே ஏற்று, ஐயாவுக்கு வேறொன்று கொடுத்தேன். காசு போனது மறந்துவிட்டது. அந்த மனிதர் இரண்டு தடவை பஸ் ஏறி வர வேண்டி வந்ததும், நான் சொன்ன அந்த வசனமும் இன்னும் உறுத்துகின்றன.

கடைக்குள் நன்றாகத் தெரிந்தது வயலில் ஏன் தெரியவில்லை? இதைத்தான் வாங்குகிறவரும் விற்கிறவரும் விளங்கிக்கொள்ள வேண்டும். 10×25 என்றால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 25 மில்லிமீற்றர். 25ஐ 10ஆல் பிரித்தால் 2.5. அந்த அகலத்தில்தான் வெளிச்சம் உங்கள் கண்ணுக்குள் வந்து விழும். பட்டப்பகலில் நமது கண்மணியும் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கித்தான் இருக்கும். ஆகவே குறை தெரியாது. மைமல் நேரத்தில் கண்மணி ஐந்து, ஆறு என்று விரியும். இளம் வயதில் ஏழு வரைக்கும் போகும். வருகிற வெளிச்சமோ அதே 2.5தான். காட்டோரத்தில் யானை நின்றாலும் கறுப்புக்குள் கறுப்பாகவே இருக்கும். 8×42 என்றால் 5.25 வருகிறது. மடங்கு குறைவு, ஆனால் வயல் காவலுக்கு அதுதான் உதவும்.

தலையிடிக்குக் காரணம் வேறு. குழாய்கள் நேராக இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் இரண்டு படத்தைப் பார்க்கும். கண் தசைகள் இழுத்துப் பிடித்து அவற்றை ஒன்றாக்கிவிடும். அரை நிமிடம் பார்க்கும்போது அந்தப் பாடு நமக்குத் தெரிவதில்லை. அரை மணித்தியாலம் பார்த்தால் தலை சொல்லும். சோதிப்பது சுகம். தூரத்துக் கூரை விளிம்பு, குளக்கட்டு என்று ஏதாவது கிடைக்கோட்டைப் பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரை மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். ஒரு பக்கத்தில் கோடு மேலேயும் மறுபக்கத்தில் கீழேயும் நின்றால் அது வேண்டாம்.

ஆனால் எல்லாத் தலையிடியும் சாமானின் பிழையல்ல. வலது கண்பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. வலது கண்ணை மூடி, நடுச் சில்லைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, அந்த வளையத்தால் வலதைத் தெளிவாக்குங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் கண்பக்க ரப்பரை மடித்துவிட வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்து காட்டப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம்தான் விற்பனை. மிச்சம் காசு எண்ணுவது.

பெட்டியில் இருக்கும் எண்களையும் நம்பிவிடாதீர்கள். சந்தைகளில் உள்ளங்கை அளவு பைனாகுலரில் 30×60 என்று போட்டிருப்பார்கள். அடிமட்டத்தை முன் லென்ஸில் வைத்துப் பாருங்கள், 60 மில்லிமீற்றர் வராது. முப்பது மடங்கு உண்மையாகவே இருந்தால் வெறும் கையால் ஆடாமல் பிடிக்கவும் முடியாது. சிவப்பாக மினுங்கும் லென்ஸைக் காட்டி "இரவிலும் தெரியும்" என்பார்கள். அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். காட்சி நீலம் பாரித்து நிற்கும்.

வாங்கினால் பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்டால் கடைக்காரர் தரத்தான் வேண்டும். பிரச்சினை என்றால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். என்னைப் போன்ற கடைக்காரர்கள் கேட்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

இப்போது என் கடையில் காவலுக்கென்று வாங்க வருபவரைப் பின்னேரம் ஆறு மணிக்கு வரச்சொல்கிறேன். வெளிச்சம் மங்கும்வரை இருந்து, தேநீர் குடித்து, இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். கடை பூட்டக் கொஞ்சம் பிந்தும், பரவாயில்லை. அடிமட்டம் ஒன்றும் மேசையிலேயே கிடக்கிறது.