வேன் தரைக்கு அடுக்கு போட அனுமதி வேண்டுமா? 52-ஆம் பிரிவு சொல்வது

வேனைப் பயண வீடாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது தரையில்தான். வெறும் இரும்புத் தகட்டுக்குக் கீழே டயரின் இரைச்சலும் புகைக்குழாயின் சூடும் இருக்கின்றன. அதனால் ஒலித்தடுப்புத் தகடு, வெப்பத்தடுப்பு ஃபோம், பிளைவுட், வினைல் விரிப்பு என்று நான்கு அடுக்கு ஏறுகிறது. இதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டுமா என்ற கேள்வி, பாதி வேலை முடிந்த பிறகுதான் பலருக்கும் வருகிறது. தகட்டின்மேல் அடுக்கு போடுவது மட்டும்தான் வேலை என்றால் பொதுவாகத் தேவைப்படாது. அந்த வேலைக்காக எதைக் கழற்றுகிறீர்கள், எவ்வளவு எடை ஏற்றுகிறீர்கள் என்பதில்தான் சட்டம் குறுக்கே வருகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதியாகச் சொன்னது. இதைக் கேட்டுப் பயந்துபோய் ஒரு ரப்பர் விரிப்புகூடப் போடாமல் இருப்பவர்கள் உண்டு. அந்தப் பிரிவின் கீழே உள்ள விளக்கத்தையும் அவர்கள் படிக்க வேண்டும். வண்டியின் கட்டமைப்பில் நடந்து, அதன் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடுவதுதான் இங்கே ‘மாற்றம்’ எனப்படுகிறது. தகட்டின்மேல் ஒட்டி, வேண்டும்போது உரித்தெடுக்கக்கூடிய அடுக்கு அப்படிப்பட்டதல்ல என்பதே என் வாசிப்பு. முடிவு சொல்ல வேண்டியவர் பதிவு அதிகாரி. ஆகவே சந்தேகம் இருந்தால் வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

உங்கள் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழை, எடுத்துப் பாருங்கள். பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, வெற்று எடை ஆகியவை அதில் இருக்கும். தரை வேலை இவற்றில் எதைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் இடறுவது இருக்கையில். தரையைச் சமமாக்கப் பின்வரிசை இருக்கைகளைக் கழற்றுகிறார்கள். அடுக்கு போட்ட பிறகு அங்கே கட்டில் வந்துவிடுகிறது. ஆர்.சி.யில் ஏழு இருக்கை, வண்டியில் மூன்று. விரிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இது அனுமதி வாங்க வேண்டிய மாற்றம். இருக்கைகளைத் திரும்ப மாட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இருக்கைக் காலுக்கு அடியில் ஃபோம் இருந்தால் போல்ட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும். சில மாதங்களில் போல்ட் தளர்ந்துவிடும். சீட் பெல்ட்டும் அதே இடத்தில் பிடித்திருந்தால், மோதலின்போது உங்களைக் காக்க வேண்டிய பிடிப்பு அங்கே இருக்காது. இருக்கைக் கால்கள் பழையபடி இரும்பின்மேல் நேராக உட்காரட்டும். அந்த இடத்தில் ஃபோமை வெட்டி விட்டுவிடுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது எடை. மூன்று மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் என்றால் தரை சுமார் ஐந்து சதுர மீட்டர். 12 மி.மீ. பிளைவுட் மட்டும் ஏறக்குறைய 40 கிலோ வரும். 25 மி.மீ. கெட்டி ஃபோம் பலகை நான்கைந்து கிலோதான். ஒலியைத் தடுக்கும் கனமான வினைல் தகட்டைச் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ கணக்கில் தரை முழுக்க விரித்தால் 25 கிலோ. மேல் விரிப்பு, அதிர்வு அடக்கும் பியூட்டைல் தகடு, பசை எல்லாம் சேர்த்தால் மொத்தம் 90 கிலோவைத் தொடும். தரை மட்டும் இவ்வளவு. கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி இனிமேல்தான். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையைத் தாண்டி ஓட்டுவது தனிக் குற்றம். வேலைக்கு முன்பும் பின்பும் எடைமேடையில் ஏற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பியூட்டைல் தகட்டைத் தரை முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. தட்டிப் பார்த்து, டங்கென்று அதிரும் இடங்களில், பரப்பில் கால்பங்கு அளவுக்கு ஒட்டினாலே தகட்டின் அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும்.

வண்டியின் அடையாளமாகப் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை மறந்துவிடுகிறார்கள். சில வண்டிகளில் அது முன் இருக்கைக்கு அடியில், தரைத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆய்வின்போது அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். இதற்காகப் புத்தம் புதிய வினைல் விரிப்பை ஆய்வு மைதானத்திலேயே கத்தியால் கீறி, அடியில் இருந்த தார்த் தகட்டைச் சுரண்டி எடுத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எண்ணின் மேல் பசை இறுகி, இரண்டு எழுத்துகள் படிக்க முடியாமல் போயிருந்தன. எண்ணைச் சேதப்படுத்தினீர்களா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி வைத்து, திறந்து பார்க்கும்படி விடுங்கள். தகட்டில் உள்ள வடிகால் துளைகளையும் எரிபொருள் பம்ப்பின் மூடியையும் இதேபோல் அடைக்காமல் விட வேண்டும். துளை அடைபட்டால் நீர் தேங்கித் தகடு துருப்பிடிக்கும். மஞ்சள் பலகை (வாடகை) வண்டியானால், துருவேறிப் பொத்தலான தரை எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குக் காட்டும்போது உங்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

தீப்பற்றும் தன்மையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாகனத்தின் உட்புறப் பொருள்களுக்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. இந்த வகைச் சோதனையில் பொருளின் பட்டை ஒன்றைக் கிடையாகப் பிடித்து, ஒரு முனையில் 15 விநாடி சுடர் காட்டி, நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. எரிகிறது என்று அளக்கிறார்கள். வீட்டுக் கூரைக்கு விற்கும் மலிவான ஃபோம் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாகனத் தரச் சான்று உள்ள பொருளைக் கேட்டு வாங்கி, அந்தச் சான்றின் நகலைக் கோப்பில் வையுங்கள். புகைக்குழாய் ஓடும் பாதைக்கு மேலே அலுமினியப் பூச்சுள்ள வெப்பத் தடுப்பைத் தவிர வேறு எதையும் நேரடியாகத் தகட்டில் ஒட்டாதீர்கள். இரைச்சல் குறைய வேண்டும் என்று சைலன்சரை மாற்றுவதோ வேறொரு விதியை மீறுவதாகிவிடும்.

முழு வண்டியையும் பயண வீடாக மாற்றுவதே உங்கள் நோக்கம் என்றால், பாடி வகையே மாறுகிறது. தரையை மட்டும் பிரித்துப் பேச முடியாது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இருக்கிறது. பயண வீடாக அமைந்த மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற இந்திய வாகனத் தரமும் உண்டு. சரக்கு வேனை வாங்கி, ஆர்.சி.யை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் குடும்பத்தை உட்காரவைத்துப் போவது எந்த வகையிலும் செல்லாது.

நடைமுறை இதுதான். உங்கள் முகவரிக்குரிய பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற்று, அதன்பின் வேலையைத் தொடங்க வேண்டும். மாற்றம் முடிந்த 14 நாள்களுக்குள் ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுத்து விவரங்களைப் பதிய வேண்டும். தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள வண்டி என்றால், பதிவு உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும் நேரத்தில்தான் பிரச்சினையாக எழும்.

தகடு வெறுமையாக இருக்கும்போது ஒரு படம், ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு படம், சேஸிஸ் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, எடை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். மூடிய தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வாளருக்குக் காட்ட உங்களிடம் அவைதான் இருக்கும்.