காலிங் பெல் அடிச்சிட்டு ஓடுற பசங்களும் கதவைத் திறந்துட்டு ஓடி வர்ற அப்பாக்களும்

டல்லாஸ் பக்கத்துல குழந்தைங்களுக்கும் குடும்பங்களுக்கும் கவுன்சிலிங் பண்றேன், என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் நம்ம தமிழ் ஆளுங்கதான். ஒரு அம்மா பத்து வயசு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க (ஆள் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்). ராத்திரி தூங்க மாட்டேங்குறான், காலிங் பெல் அடிச்சா மாடிக்கு ஓடிப்போய் பாத்ரூம்ல பூட்டிக்கிறான், ஸ்கூல்ல யாராவது எதாவது சொல்லிட்டாங்களா மேடம்னு கேட்டாங்க. ஸ்கூல்ல ஒண்ணும் நடக்கல. ரெண்டு மூணு செஷன் கழிச்சுதான் பையன் வாயைத் திறந்தான். லீவு நாள்ல தெருப்பசங்க நாலஞ்சு பேர் தொடர்ந்து மூணு ராத்திரி இவங்க வீட்டு பெல்லை அடிச்சிட்டு ஓடியிருக்காங்க, மூணாவது ராத்திரி அப்பா கதவுக்குப் பின்னாடி லைட்டை அணைச்சிட்டு காத்திருந்து, பெல் அடிச்ச உடனே கிரிக்கெட் பேட்டோட வெளிய பாஞ்சு தெருமுனை வரைக்கும் துரத்தியிருக்கார். யாரும் மாட்டல, யாருக்கும் அடிபடல. ஆனா ஓடுன பசங்கள்ல ஒருத்தன் இவனோட பஸ்ல வர்ற ஃப்ரெண்டு. பையன் என்கிட்ட கேட்டது இதுதான், "ஆன்ட்டி, அப்பாகிட்ட கன் இருந்திருந்தா?"

அந்தக் கேள்வியை நான் அந்த அப்பாகிட்ட அப்படியே சொன்னேன். மனுஷன் ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், வாங்கலாம்னு அப்போ ஒரு ஐடியா இருந்துச்சு மேடம்னு சொன்னார்.

இது நடந்து கொஞ்ச நாள்லயே 2025 ஆகஸ்ட் கடைசில ஹூஸ்டன்ல அந்த விஷயம் நடந்துச்சு. 11 வயசு பையன், ராத்திரி 11 மணி வாக்குல ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து வீடு வீடா பெல் அடிச்சிட்டு ஓடுற விளையாட்டு, இங்க இதை டிங் டாங் டிச்னு சொல்லுவாங்க. ஓடிட்டு இருக்கும்போது முதுகுல குண்டு பாஞ்சு மறுநாள் ஆஸ்பத்திரில இறந்துட்டான். 42 வயசு ஆள் மேல கொலை வழக்கு போட்டிருக்காங்க. அதே வருஷம் மே மாசம் வர்ஜீனியாலயும் இதே மாதிரி, பெல் பிராங்க்கை வீடியோ எடுக்கப் போன 18 வயசு பையன் சுடப்பட்டு இறந்தான். பிராங்க்கே பண்ணாத பசங்களும் இருக்காங்க, 2023 ஏப்ரல்ல கேன்சஸ் சிட்டில 16 வயசு பையன் தம்பிங்களைக் கூட்டிட்டு வரப் போனவன் 115வது டெரஸ்க்குப் பதிலா 115வது ஸ்ட்ரீட்ல போய் பெல் அடிச்சிட்டான், அவ்வளவுதான் அவன் செஞ்சது, 84 வயசு வீட்டுக்காரர் தலையிலயும் கையிலயும் சுட்டார். அந்தப் பையன் பிழைச்சது பெரிய விஷயம். அந்தப் பெரியவர் 2025 பிப்ரவரில குத்தத்தை ஒத்துக்கிட்டு, தண்டனை சொல்றதுக்கு முன்னாடியே இறந்து போனார்.

இதையெல்லாம் படிக்கும்போது நாம உடனே சொல்றது "பாவம், பயத்துல சுட்டிருப்பாங்க". எனக்கு இதுலதான் சந்தேகம். கேன்சஸ் சிட்டி பெரியவர் பயந்தேன்னு சொன்னார், அது ஒரு கணக்கு. ஆனா பயந்தவன் கதவைப் பூட்டுவான், போலீஸுக்கு போன் பண்ணுவான், பொண்டாட்டி புள்ளைங்களை உள்ரூமுக்கு அனுப்புவான். கதவைத் திறந்து வெளிய வந்து ஓடுறவனைத் துரத்துறது கோவம், அதுலயும் ஒரு குறிப்பிட்ட கோவம், என்னை ஏமாத்திட்டாங்க, என் வீட்டு வாசல்லயே வந்து என்னை முட்டாளாக்கிட்டாங்கங்குற அவமானம். என்கிட்ட வர்ற அப்பாக்கள்கிட்ட அந்த நேரத்துல உடம்பு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, "காது சூடாச்சு, பல்லைக் கடிச்சேன்"னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. "வயித்தைக் கலக்குச்சு, கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு"ன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி.

துப்பாக்கி இல்லாமயும் இந்தக் கோவம் கொல்லும், அதையும் மறைக்காம சொல்லணும். 2020 ஜனவரில கலிஃபோர்னியாவுல பெல் அடிச்சிட்டு கார்ல போன ஆறு பசங்களை ஒருத்தர் தன் கார்ல துரத்திப் போய் இடிச்சதுல 16 வயசு பசங்க மூணு பேர் இறந்தாங்க, அவருக்கு பரோலே இல்லாத ஆயுள் தண்டனை. ஆனா துரத்துறதுக்கு நேரம் ஆகும், மூச்சு வாங்கும், நடுவுல ஒரு செகண்டாவது நாம என்ன பண்றோம்னு தோண வாய்ப்பு இருக்கு. பேட்டை எடுத்துட்டு ஓடுன நம்ம அப்பா தெருமுனைல நின்னுட்டார்ல. விரலை அழுத்துறதுக்கு அந்த நேரம் வேண்டாம்.

இது அமெரிக்கா பைத்தியக்காரத்தனம், நம்ம ஊர்ல இப்படி நடக்காதுன்னு ஊர்ல இருக்குற சொந்தக்காரங்க போன்ல சொல்றப்ப எனக்கு 2011 ஜூலை ஞாபகம் வரும். சென்னைல தீவுத்திடல் பக்கம் ராணுவக் குடியிருப்புக்குள்ள சுவர் ஏறிக் குதிச்சு வாதாங்கொட்டை பொறுக்கப் போன 13 வயசு பையனை ஒரு ரிட்டயர்டு ராணுவ அதிகாரி சுட்டார், மறு வருஷம் கோர்ட் ஆயுள் தண்டனை குடுத்துச்சு. வாதாங்கொட்டைக்காக சுவர் ஏறாத பசங்க நம்ம தலைமுறைல யாரு? மாங்கா அடிச்சிட்டு தோட்டக்காரர் கம்பை எடுத்தா தலைதெறிக்க ஓடியிருக்கோம். அங்கயும் ஒரு பெரிய மனுஷன் கைல துப்பாக்கி இருந்துச்சு, எதிர்ல ஒரு சின்னப் பையன் இருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்க டெக்ஸாஸ்ல சட்டமும் நிறைய பேருக்கு அரைகுறையாதான் தெரியும். நம்ம கம்யூனிட்டி வாட்ஸ்அப் குரூப்ல, வீட்டு வாசல்ல யாராவது வந்தா சுடலாம், டெக்ஸாஸ்ல அலவ்டுனு ஒருத்தர் போட்டார், அதுக்கு ஏழு பேர் தம்ஸ் அப். இந்த ஸ்டேட் சட்டம் மத்த இடங்களை விட ரொம்ப தாராளம்தான், ராத்திரில திருட்டு, சொத்து சேதம் நடக்குறதைத் தடுக்க வேற வழியே இல்லைன்னா சொத்துக்காகக்கூட ஆயுதத்தை யூஸ் பண்ண இடம் குடுக்குது. ஆனா பெல் அடிக்கிறது திருட்டும் இல்ல சேதமும் இல்ல, ஓடிப்போறவனோட முதுகுல உங்களுக்கு என்ன ஆபத்து? அந்த குரூப்புல டோர்பெல் கேமரா வீடியோவை "சந்தேகத்துக்குரிய நபர்கள்"னு போடுறாங்க, பாத்தா ஹூடி போட்ட ஆறாம் கிளாஸ் பசங்க. தயவுசெஞ்சு அப்படிப் போடாதீங்க, அதைப் பாக்குற இன்னொரு வீட்டுக்காரர் அன்னிக்கு ராத்திரி என்ன மனநிலைல கதவுக்குப் பின்னாடி நிப்பார்னு உங்களுக்குத் தெரியாது. இந்த நாட்டுல 2020ல இருந்து குழந்தைங்க, டீனேஜ் பசங்க சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், கார் ஆக்சிடென்ட்டையும் தாண்டிடுச்சு.

பசங்ககிட்ட என்ன சொல்றதுன்னு கேக்குறாங்க. பெல் அடிக்காதேன்னு சொல்லுங்க, ராத்திரில நிச்சயமா வேண்டாம், காரணத்தையும் ஒளிக்காம சொல்லுங்க, பத்து வயசுக்கு அது புரியும். ஆனா அதைச் சொல்லும்போது அந்த 11 வயசு பையன் தப்பு பண்ணதாலதான் செத்தான்கிற மாதிரி உங்க பேச்சு போயிடக்கூடாது, இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன். மாட்டிக்குவோமோன்னு நெஞ்சு படபடக்க ஓடி, புதர் பின்னாடி ஒளிஞ்சு சிரிக்கிறது அந்த வயசுக்குத் தேவையான ஒண்ணு, பயத்தோட விளையாடித்தான் பயத்தைப் பழகுறாங்க. மாட்டுனா அதுக்கு தண்டனை ஒரு திட்டு, இல்ல அவங்க அம்மாகிட்ட ஒரு போன்.

அப்பாக்களுக்கு நான் குடுக்குற வேலை ஒண்ணே ஒண்ணு. பெல் அடிச்சு யாரும் இல்லைன்னா கதவைத் திறக்காதீங்க, கேமரால பாருங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல பெல் சத்தத்தை ஆஃப் பண்ணுங்க. விளையாட்டே நீங்க வெளிய வர்றதுலதான் இருக்கு, நீங்க வரலைன்னா மூணாவது நாள் அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. துப்பாக்கி வாங்கியே ஆகணும்னா குழந்தை டாக்டர்கள் சங்கம் சொல்றதைக் கேளுங்க, குண்டு இல்லாம பூட்டி வைங்க, குண்டை தனியா பூட்டி வைங்க. வீட்ல துப்பாக்கியே இல்லாம இருக்குறதுதான் எல்லாத்தையும் விட நல்லதுன்னும் அவங்களே சொல்றாங்க. புள்ளை விளையாடப் போற வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கான்னு கேளுங்க, தப்பா நினைப்பாங்களோன்னு தயங்குறீங்கன்னா, வேர்க்கடலை அலர்ஜி பத்தி சொல்றீங்கல்ல, அந்த மூச்சுலயே இதையும் கேட்டுடுங்க.

அந்தப் பையனுக்கு வைத்தியம் நான் பண்ணல, அவங்க அப்பாதான் பண்ணார். பஸ்ல வர்ற அந்த ஃப்ரெண்டு வீட்டுக்கு இவனையும் கூட்டிட்டுப் போய், வாசல்ல நின்னு, அன்னிக்கு உன்னை பயமுறுத்திட்டேன்டா, சாரின்னு அந்தச் சின்னப் பையன்கிட்ட சொல்லியிருக்கார். அவன் அதுக்கு, அங்கிள் நீங்க செம ஃபாஸ்ட்டா ஓடுனீங்கன்னு சொன்னானாம். இப்போ நம்ம பையன் பெல் அடிச்சா பாத்ரூமுக்கு ஓடுறதில்ல, மாடிப்படில நின்னு அப்பா என்ன பண்றார்னு பாக்குறான்.