யாருக்குப் பாக்கி, யாருக்கு அவசரம்

லேப்டாப்பில் பாட்டு ஓடுகிறது. பின்னணியில் ஒரு பெரிய வீடியோவின் அளவைக் குறைக்கும் வேலையும் நடக்கிறது. சிபியுவில் ஒரே ஒரு கோர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒரு புரோசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்தான், அதில் ஓட முடியும். அடுத்தது யார் என்று நொடிக்கு நொடி ஓயாமல் தீர்மானிப்பது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் ஷெட்யூலர்.

லினக்ஸ் இயங்குதளத்தில் 2007 முதல் இந்த வேலையைப் பார்த்தது, இங்கோ மோல்னர் எழுதிய சிஎஃப்எஸ் (Completely Fair Scheduler) என்ற ஷெட்யூலர். இதுவரை குறைவாக ஓடியது யாரோ, அவரைக் கூப்பிடும். நியாயமான முறைதான். ஆனால் பாட்டுக்கு நிறைய நேரம் தேவையில்லை. கொஞ்சம் போதும், அது உடனே வேண்டும். ஒரு புரோசஸின் முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் எண்ணை மாற்றி முன்னுரிமை தந்தால் பங்கே கூடிவிடுகிறது. அது வேறு விஷயம்.

இதற்கான விடை 1995-லேயே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இயோன் ஸ்டோய்கா, பேராசிரியர் ஹுசைன் அப்தெல்-வஹாபுடன் சேர்ந்து வெளியிட்ட ஈஈவிடிஎஃப் (Earliest Eligible Virtual Deadline First) முறை அது.

அதில் இரண்டு கேள்விகள். முதலாவது, பாக்கி உண்டா? ஒரு புரோசஸுக்குச் சேர வேண்டிய நேரத்தில் இதுவரை கிடைத்ததைக் கழித்தால் வருவது பாக்கி. அது பூஜ்யத்துக்குக் கீழே போனவர் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் தகுதியுள்ளவர்கள். இரண்டாவது, அவர்களில் யாருடைய கெடு முதலில் வருகிறது? கேட்கும் நேரத்தைப் பங்கின் எடையால் வகுத்துக் கெடு குறிக்கிறார்கள். சிறிய நேரத் துண்டு கேட்டவருக்குக் கெடு கிட்டத்தில் விழும்.

பாட்டு, வீடியோ இரண்டுக்கும் சம பங்கு என்று வைத்துக்கொள்வோம். பாட்டு 1 மில்லிநொடி கேட்கிறது, வீடியோ 10 கேட்கிறது. பாட்டு முந்திக்கொள்கிறது. 1 மில்லிநொடி ஓடியதும் அதற்குச் சேர வேண்டியது அரைதான்; மீதி அரை அட்வான்ஸ். சரி, இனி வீடியோவின் முறை. அவசரத்துக்கு இடம் கிடைத்தது, பங்கு ஒரு துளியும் கூடவில்லை. இந்தக் கணக்கின் அழகு இன்றும் என்னைப் பிரமிக்க வைக்கிறது.

28 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் வந்த லினக்ஸ் 6.6-இல், கர்னல் நிரலாளர் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா இதைக் கொண்டுவந்தார். அப்புறமும் ஒரு ஓட்டை இருந்தது: அட்வான்ஸ் வாங்கிய புரோசஸ் சற்றே தூங்கி எழுந்து, கடனிலிருந்து நழுவிவிடலாம். 2024-இல் வந்த 6.12 அதை அடைத்தது. கடனோடு தூங்கப் போகிறவரின் பெயர், கடன் கழியும்வரை வரிசையிலேயே இருக்கும். தனக்கு எவ்வளவு பெரிய துண்டு வேண்டும் என்று புரோசஸே கேட்கும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது.