சிலைகளின்மேல் ஹைப்போ தெளிக்காதீர்கள்

இது 2020-இல், கொரோனாவால் மூடிக் கிடந்த அருங்காட்சியகங்கள் மீண்டும் திறக்க ஆயத்தமாகிவந்த நாள்களில் எழுதியது. கடந்த வாரம் என் பணிக்கூடத்துக்கு வந்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடிதான் முதலில் முகத்தில் அடித்தது. துணியை விலக்கிப் பார்த்தபோது உள்ளே ஒரு முழ உயரத்தில் ஓர் அம்மன் படிமம் இருந்தது. ஆடையின் மடிப்புகளிலும் இடக்கையின் விரலிடுக்கிலும் பீடத்துத் தாமரை இதழ்களின் அடியிலும் வெளிர்பச்சைத் துகள் பூத்திருந்தது. மூங்கில் குச்சியின் முனையால் தொட்டேன். மாவுபோல உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் சிறு குழி தெரிந்தது. பழம்பொருள்களைப் பாதுகாக்கும் என்னைப் போன்றவர்கள் இந்த அரிப்பை வெண்கல நோய் என்போம்.

சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும், இரண்டே கூடங்கள் கொண்ட சிறிய அருங்காட்சியகத்தின் படிமம் அது. மார்ச்சில் மூடிய கதவை மீண்டும் திறக்க ஆயத்தம் செய்தவர்கள், பார்வையாளர்களின் நலன் கருதி, முதுகில் மாட்டும் ஸ்பிரேயரோடு ஓர் ஆளை வரவழைத்து, தரை, சுவர், பீடம், படிமம் என்று வேறுபாடில்லாமல் ஹைப்போ எனும் சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினிக் கரைசலை அடித்துவிட்டார்கள். “நல்லதுன்னு நெனச்சுத்தான் அடிச்சோம் மேடம்” என்று பெட்டியைக் கொண்டுவந்த பணியாளர் கண் கலங்கச் சொன்னார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் மே மாதத்துக்குப் பிறகு இது எனக்கு வரும் நான்காவது அழைப்பு. முதலில் ஒரு தஞ்சாவூர் ஓவியம், அடுத்து ஒரு கட்டு ஓலைச்சுவடி, பின்னர் ஒரு நடுகல், இப்போது இந்த அம்மன். 2020 ஜூலை 6 முதல் நாட்டின் பல பகுதிகளில் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்கள் திறக்கப்பட்டுவரும் நிலையில், நம் ஊர்ச் சிறிய அருங்காட்சியகங்களும் தத்தம் அனுமதி நாளுக்காகத் துடைத்துப் பெருக்கிக் காத்திருக்கின்றன. ஐந்தாவது அழைப்பு வருவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பொருள்களில் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும், மருந்து அடித்தால்தான் போகும் என்ற எண்ணமே இவ்வளவுக்கும் காரணம். தயவுசெய்து இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். கல்லிலும் உலோகத்திலும் மரத்திலும் அது பெருகாது, நேரம் செல்லச் செல்லச் செயலிழக்கும், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் வெளிவந்த ஆய்வகச் சோதனையில், பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் அதிகபட்சமாக 72 மணி நேரம் வரை கொரோனா வைரஸ் கண்டறியப்பட்டது. அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகும், செம்பில் 4 மணி நேரத்துக்குப் பிறகும் உயிர்ப்புள்ள வைரஸ் கிடைக்கவில்லை. ஐம்பொன் என்று நாம் சொல்லும் படிமங்களில் பெரும்பங்கு செம்புதான். நூறு நாள்களுக்கு மேல் பூட்டிக் கிடந்த கூடத்தில், யாரும் தொடாத பீடத்தின்மேல் நின்ற ஒரு படிமத்தில் எந்தக் கிருமி இருக்க முடியும்? திறந்த பிறகும், அதைத் தொட யாரையும் நீங்கள் அனுமதிக்கப் போவதில்லை. தொற்று வருமானால் உள்ளே வரும் மனிதர்களோடு, அவர்கள் பேசும்போதும் இருமும்போதும் வரும். சிலை மூச்சு விடுவதில்லை. அருகில் நிற்பவர்தான் மூச்சு விடுகிறார். உங்கள் கவனமும் செலவும் அவர்மீது இருக்கட்டும்.

“அரசின் வழிகாட்டுதலிலேயே ஹைப்போ என்று இருக்கிறதே” என்று கேட்கிறார்கள். இருக்கிறது, பொது இடங்களுக்கு 1% சோடியம் ஹைப்போகுளோரைட் என்றும், அதைப் பயன்படுத்த முடியாத உலோகப் பரப்புகளுக்கு 70% ஆல்கஹால் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. அது அலுவலகத் தரைக்கும் கதவுப் பிடிக்கும் எழுதப்பட்டது. உலோகம் என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு நூற்றாண்டுகள் பழைமையான படிமத்தை சானிடைசரால் துடைத்தால், அதற்கு முன்னர் யாரோ பொறுமையாகப் பூசியிருந்த பாதுகாப்புப் பூச்சு இளகிப்போகும். கிருமிநாசினியைப் புகையாகவோ தூறலாகவோ அடிப்பதை, கட்டடத்தின் உள்ளே கூட, உலகச் சுகாதார நிறுவனம் மே மாதத்திலேயே பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்துவிட்டது. மனிதர்கள்மேல் அடிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலிலேயே கூறியது. மனிதர் மேனிக்கு ஆகாததை அம்மன் மேனிக்கு அடிக்கலாமா?

வெண்கலத்துக்குக் குளோரைடு பகை. மண்ணுக்குள்ளிருந்து உப்போடு வெளிவந்த படிமங்களுக்காகவே நம் துறையில் பலர் வாழ்நாள் முழுவதும் உழைத்திருக்கிறார்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டு, அங்கே பணியாற்றிய வேதியியலர் எஸ். பரமசிவன், மின்சாரம் பாய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கும் மின்னாற்பகுப்பு முறையில் வெண்கலங்களை மீட்டார். அப்படி அரும்பாடுபட்டு வெளியேற்றும் குளோரைடை, ஹைப்போ என்ற பெயரில், நாம் ஸ்பிரேயரில் நிரப்பி மீண்டும் ஏற்றுகிறோம். ஈரக்காற்று மட்டும் கிடைத்துவிட்டால் போதும், அரிப்பு தானே தொடரும். கடலோரச் சென்னையில் ஈரக்காற்றுக்கு என்ன குறை?

தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் சுண்ணமும் பசையும் கலந்த அடித்தளம், அதன்மேல் தங்கத்தாள். ஈரம் பட்டால் அடித்தளமே ஊறி உப்பும். எனக்கு வந்த படத்தில் கிருஷ்ணரின் தொட்டிலருகே ஒரு நகக்கண் அளவுத் தங்கத்தாள் எழும்பி நின்றது. ஓலைச்சுவடியை ஆல்கஹாலால் துடைத்தால், புல்தைலம் பூசிக் காத்த நெகிழ்வு போய் ஓலை ஒடியும். புற ஊதா விளக்கும் வேண்டாம், துணியும் காகிதமும் வெளுத்துவிடும். சாம்பிராணிப் புகை காட்டினால் கரிதான் படியும்.

சரி, என்ன செய்வது? பொருள்களை விட்டுவிடுங்கள். யாராவது தவறித் தொட்டுவிட்டால், அந்தப் பொருளை முடிந்தால் தனியே எடுத்துவைத்து, இல்லையேல் அதைச் சுற்றிக் கயிறு கட்டி, மூன்று நாள்கள் நெருங்காமல் இருங்கள். காலம்தான் அதற்கு மருந்து. கைப்பிடிச் சுவரையும் நுழைவுச்சீட்டு மேசையையும் கழிவறையையும் சோப்புத் தண்ணீரால் அடிக்கடி துடையுங்கள். கண்ணாடிப் பெட்டிகளின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது நீர்மத்தைத் துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டுமேயன்றி, கண்ணாடிமேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. இடுக்கு வழியே உள்ளே இறங்கும் ஒரு சொட்டு, உள்ளிருக்கும் நாணயத்தை நாசமாக்கப் போதும். சானிடைசரை வாசலுக்கு வெளியே வையுங்கள், கை உலர்ந்த பிறகு உள்ளே விடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைக் கூடத்தின் அளவு பார்த்து முடிவு செய்யுங்கள். முகக்கவசம் இல்லாதவரைத் தெரிந்தவர் என்பதற்காக விடாதீர்கள்.

இன்னொன்று. இத்தனை நாள் மூடிக் கிடந்த இடத்தில் உண்மையாகவே தேட வேண்டியவை கரையானும் பூஞ்சையும். மரப்பலகைகளின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், சுவடிக் கட்டுகளில் புழுத்துளை இருக்கிறதா என்று பாருங்கள், வசம்பு வாசம் போயிருந்தால் மாற்றுங்கள். பூஞ்சை தென்பட்டால் ஊதவோ ஈரத்துணியால் துடைக்கவோ வேண்டாம். தனியே வைத்துவிட்டு எங்களைப் போன்ற ஒருவரை அழையுங்கள். படம் எடுத்து அனுப்பினால்கூடப் போதும், தொலைபேசியிலேயே சொல்கிறோம். ஸ்பிரேயர் ஆளை அழைப்பதற்கு முன் எங்களை அழைத்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வரப்போகும் பார்வையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கூடத்தில் மருந்து நெடி அடிக்கவில்லையே, சுத்தம் செய்யவில்லையோ என்று காவலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதி இடங்களில் மருந்து அடிக்கிறார்கள்.

அந்த அம்மனின் துகளைக் குச்சியாலும் தூரிகையாலும் நீக்கி, வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) மாற்றி மாற்றிக் கழுவி உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் இப்போது வைத்திருக்கிறேன். அந்த ஜெல்லின் நீல மணிகள் வெளிர்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். நாளுக்கு இருமுறை பார்க்கிறேன். விரலிடுக்கில் மட்டும் நேற்று மறுபடியும் ஒரு பச்சைப் புள்ளி தென்பட்டது. திறப்பு நாளன்று அவளுடைய பீடம் காலியாகத்தான் இருக்கும் என்று அறக்கட்டளைக்குச் சொல்லிவிட்டேன்.