ரிவால்வர் தோட்டாவுக்குப் போல்ட் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை தொடங்கும். இலையுதிர் காலம் வந்தாலே என் பழுதுபார்ப்புப் பட்டறையில் ஒரே பேச்சுதான்: .357 மேக்னத்தில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் எடுப்பதா, .44 மேக்னத்தில் எடுப்பதா? (இரண்டும் ரிவால்வர் தோட்டாக்கள்; போல்ட் ரைஃபிள் என்றால் ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது.) கேட்பவர்களில் இப்போது நம்மவர்களும் சிலர் உண்டு, அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். மத்திய மேற்கு மாநிலங்களில் நிலம் தட்டை, வயலுக்கு நடுவே வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் சாலை. ரொம்ப தூரம் பறக்கும் ரைஃபிள் தோட்டா வேண்டாம் என்று பல பகுதிகளில் வெகுகாலம் மானுக்கு ஷாட்கன், மஸில்லோடர் (குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கி) மாதிரியானவற்றை மட்டுமே அனுமதித்தார்கள். 2014 சீசனிலிருந்து ஒஹாயோ, கழுத்து குறுகாமல் நேராக இருக்கும் கூடு (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் குழாய்) கொண்ட தோட்டாக்களுக்கு ரைஃபிளையும் அனுமதித்தது. மிச்சிகனின் தென்பகுதியிலும் அப்படி ஒரு விதி வந்தது, அங்கே கூட்டின் நீளம் 1.16 அங்குலத்திலிருந்து 1.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். 1930களில் வந்த .357 மேக்னம், 1950களில் வந்த .44 மேக்னம் இரண்டும் இந்தக் கணக்கில் அழகாகப் பொருந்துகின்றன, இரண்டின் கூடும் ஏறத்தாழ 1.29 அங்குலம்.

ஆனால் இவற்றுக்கு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் செய்தவர்கள் குறைவு. ரூகர் நிறுவனத்தின் 77/44, 2011-இல் வந்த 77/357, பழைய ரெமிங்டன் 788-இல் கொஞ்ச காலம் வந்த .44 மாதிரி சில மட்டும்தான். காரணம் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு. பெட்டி மேகசினில் அடுக்கினால் ஒரு தோட்டாவின் விளிம்பு இன்னொன்றின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ரூகர் இதற்குச் சுழலும் மேகசினை வைத்தது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம், .44-இல் 4 தோட்டா, .357-இல் 5. மற்றவர்கள் மார்லின் 1894, ஹென்றி மாதிரி லீவர் துப்பாக்கிகளைப் பார்ப்பார்கள். அவை அருமையான துப்பாக்கிகள்தான், ஆனால் வேலி தாண்டும்போதும் மரத்தில் ஏறும்போதும் தோட்டாவை வெளியே எடுப்பது போல்ட்டில் எவ்வளவு சுலபம் என்று பழகினால் தெரியும்: மேகசினைக் கழற்று, போல்ட்டைத் திற, உள்ளே பார், முடிந்தது. புதிதாகப் பழகுகிறவருக்கு நான் போல்ட்டைச் சொல்வது இதனால்தான்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். "அது ரிவால்வர் தோட்டாதானே, கடையில் எந்தப் பெட்டி மலிவோ அதை வாங்கிப் போடலாம்" என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதே தோட்டா 18.5 அங்குலக் குழலுக்குள் போனதும் வேறு பிராணியாகிவிடுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

158 கிரெய்ன் (குண்டின் எடையளவு) குண்டு உள்ள ஒரு .357 தோட்டா 4 அங்குல ரிவால்வரில் வினாடிக்கு 1,235 அடி வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நிதானமாக எரியும் வெடிமருந்து போட்ட தோட்டா என்றால், நீளக் குழலில் அந்த மருந்து முழுக்க வேலை செய்ய இடம் கிடைத்து, வேகம் 1,800 அடி பக்கம் போய்விடும். சக்தி இரண்டு மடங்குக்கு மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தற்காப்புக்கென்று விற்கும் குழிமுனைக் குண்டு கைத்துப்பாக்கி வேகத்துக்காகச் செய்யப்பட்டது. 1,800 அடி வேகத்தில் மானின் தோள்பட்டையில் பட்டால் சட்டென்று விரிந்து சிதறிவிடலாம், காயம் ஆழமாகப் போகாது, மான் ஓடிவிடும், நீங்கள் டார்ச் வைத்துக்கொண்டு இரவெல்லாம் இரத்தத் துளியைத் தேடுவீர்கள். அதனால் .357-இல் 158 அல்லது 180 கிரெய்ன், .44-இல் 240 கிரெய்ன் அல்லது அதற்கு மேல், வேட்டைக்கென்றே செய்த சாஃப்ட் பாயிண்ட் (நுனியில் ஈயம் வெளியே தெரியும் குண்டு) அல்லது கெட்டியான வார்ப்பு ஈயக் குண்டு வாங்குங்கள்.

இதன் மறுபக்கம்தான் எனக்குப் பயம். .357 ரைஃபிளில் சக்தி குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவும் சுடலாம், சத்தம் குறைவு, விலை குறைவு, பிள்ளைகளுக்குப் பழக்க வசதி. எல்லாம் உண்மை. ஆனால் இலக்குப் பயிற்சிக்கான மிதமான தோட்டாக்களில் வேகமாக எரியும் மருந்து கொஞ்சமே இருக்கும், அது முதல் சில அங்குலத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். ரிவால்வரில் அதற்குள் குண்டு வெளியே போயிருக்கும். ரைஃபிளில் குண்டு இன்னும் ஓர் அடிக்கு மேல் குழலை உரசிக்கொண்டே போக வேண்டும், தள்ளுவதற்கு வாயு அழுத்தம் குறைந்துகொண்டே வரும். நல்ல தொழிற்சாலைத் தோட்டாவில் இது அபூர்வம். ஆனால் வீட்டில் நிரப்பிய மெதுவான தோட்டாவில், அதுவும் செம்பு உறை போட்ட குண்டில், நடுக்குழலில் அது நின்றுவிட நன்றாகவே வாய்ப்பு இருக்கிறது. வெறும் ஈயம் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும்.

ரிவால்வரில் இப்படிச் சிக்கினால் சில சமயம் குண்டு சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே நின்று சிலிண்டரைச் சுழல விடாது, அப்போது துப்பாக்கியே உங்களைத் தடுத்துவிடும். போல்ட் ரைஃபிளில் தடுக்க எதுவும் இல்லை. காலிக் கூடு வழக்கம்போல வெளியே வரும், அடுத்த தோட்டா வழக்கம்போல உள்ளே போகும், ஏனென்றால் சிக்கிய குண்டு இன்னும் முன்னால் எங்கோ இருக்கிறது. அடுத்த முறை டிரிகரை இழுத்தால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். என் மேசைக்கு உப்பிய குழலும் வந்திருக்கிறது, சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டுக் குண்டு சிக்கியபடியே கொண்டுவந்த துப்பாக்கியும் வந்திருக்கிறது. இரண்டாவது வகை ஆட்களிடம் நான் கூலி பேரம் பேசுவதில்லை.

ஆகவே சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தாலோ, தோளில் உதை குறைவாகத் தெரிந்தாலோ, இலக்கில் ஓட்டை விழாவிட்டாலோ, உடனே நிறுத்துங்கள். குழலைப் பத்திரமான திசையிலேயே வைத்து ஒரு 30 வினாடி பொறுங்கள். அப்புறம் மேகசினைக் கழற்றி, போல்ட்டை முழுவதும் உருவி எடுத்து, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் வேட்டை அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொன்று சுட்டால் அது தள்ளிக்கொண்டு போய்விடும் என்று ரேஞ்சில் யாராவது யோசனை சொன்னால், அவர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

.38 நிறையச் சுட்டபின் சேம்பரை (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். .38-இன் கூடு சற்றுக் குட்டை, அது முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். அதன்மேல் நீளமான .357 தோட்டாவைத் திணித்தால் இறுகும், அழுத்தம் கூடும்.

தூரத்தைப் பற்றியும் கொஞ்சம் நேர்மையாகப் பேசுவோம். 240 கிரெய்ன் .44 ரைஃபிளிலிருந்து 1,760 அடி வேகத்தில் கிளம்பும், ஆனால் கட்டையான குண்டு, காற்று சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 100 கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தால் 150 கெஜத்தில் அரை அடி அளவுக்குக் கீழே விழும், 200-இல் ஒன்றரை அடியைத் தாண்டும். என் கணக்கில் மானைச் சுடும் தூரத்தின் எல்லை .44-க்கு 125 கெஜம், .357-க்கு 75, நல்ல தாங்கலும் நல்ல கையும் இருந்தால் 100. அதற்கு மேல் சுடும் வயல்வெளி உங்களுக்கு என்றால் இந்த இரண்டையும் விடுங்கள். வின்செஸ்டர் 2019-இல் கொண்டுவந்த .350 லெஜெண்ட் அந்த வேலைக்கே பிறந்தது, அதற்கு மலிவான போல்ட் ரைஃபிள்களும் நிறைய உண்டு. வீட்டில் ஏற்கெனவே .357 அல்லது .44 ரிவால்வர் இருக்கிறது, காடு அடர்த்தி, தோட்டாவை நீங்களே நிரப்புகிறீர்கள் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். மானுக்கு மட்டும் என்றால் .44. வருஷம் முழுக்க ரேஞ்சுக்கும், எப்போதாவது மானுக்கும் என்றால் .357. காதுக்குக் கவசம் இரண்டுக்குமே வேண்டும்.

பழைய துப்பாக்கி வாங்கினால் குழலின் வாய் விளிம்பைப் பாருங்கள், வெளிப்புறத்தில் விரலால் தடவிப் பாருங்கள், உப்பல் இருந்தால் வளையமாகத் தட்டுப்படும். வேட்டைக்கு எடுத்துப்போக நினைக்கும் தோட்டாவின் அளவிலேயே, மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டாக்களைப் போட்டு மேகசின் தடங்கலில்லாமல் ஊட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சுழலும் மேகசின் நீள விஷயத்தில் விட்டுக்கொடுக்காது, கனமான குண்டை நீட்டி நிரப்பிய தோட்டா அதில் நுழையாது. கிடைத்தால் இன்னொரு மேகசினும் சேர்த்து வாங்குங்கள்.

கடைசியாக, விதிப் புத்தகம். ஒஹாயோவில் மான் வேட்டையின்போது சேம்பரும் மேகசினும் சேர்த்து 3 தோட்டாதான், மேகசினில் இடம் இருக்கிறது என்று நிரப்பக் கூடாது. இல்லினாய் 2023-இல் ரைஃபிளை அனுமதித்தது, ஆனால் ஒற்றைத் தோட்டா ரைஃபிளை மட்டும், ஆகவே மேகசின் உள்ள இந்தப் போல்ட் துப்பாக்கியை அங்கே கொண்டுபோய் நிற்க முடியாது. மாநில எல்லை தாண்டி நண்பர் வீட்டு நிலத்தில் சுடலாம் என்று திட்டமிருந்தால், பணம் கட்டும் முன் அந்த மாநிலத்தின் இந்த வருஷ விதியைப் படித்துவிடுங்கள்.