காலிபர்: குழல்விட்டமும் முடக்குதிறனும்

துப்பாக்கிக் குழலின் உள்துளை எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும் அளவே காலிபர். குண்டின் எடை, வேகம், அது பாயும் ஆழம் எதுவும் இந்தச் சொல்லில் அடங்காது. ஆனாலும் ‘எதிரியைத் தடுக்க 9 மி.மீ. குண்டு போதுமா, .45 (0.45 அங்குலம்) வேண்டுமா’ என்று நூறாண்டுக்கும் மேலாக நடக்கும் வாதத்தில் இந்த ஒரு சொல்லின் தலையிலேயே எல்லாம் ஏற்றப்படுகிறது.

ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சிலிருந்து வந்தது. வார்ப்பு அச்சைக் குறிக்கும் ‘காலிப்’ என்ற அரபுச் சொல்லே மூலம் என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. அதற்கும் முன்னால், செருப்புத் தைப்பவரின் மர அச்சைக் குறித்த கிரேக்கச் சொல் ஒன்றைக் காட்டுவார்கள். ஈயத்தை அச்சில் வார்த்துக் குண்டு செய்த காலத்துக்கு இந்தப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது.

தமிழில் ‘குழல்விட்டம்’ என்பதே சரியான சொல். பீரங்கிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ‘155 மி.மீ., 52 காலிபர்’ என்றால் குழலின் நீளம் விட்டத்தைப் போல் 52 மடங்கு, அதாவது சுமார் 8 மீட்டர். அங்கே ‘விட்டமடங்கு’ என்று எழுதலாம்.

பெயரிலுள்ள எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவின் குண்டுக்கு உண்மையான விட்டம் 0.357 அங்குலம்; .357 மேக்னம் தோட்டாவின் குண்டுக்கும் அதே விட்டம்தான். சிறிய .22 தோட்டாவின் குண்டும், ராணுவத் துப்பாக்கியின் 5.56 மி.மீ. குண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம். ஆனால் குழலை விட்டு வெளியேறும்போது பின்னதன் ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு. விட்டத்தை வைத்து வலிமையைத் தீர்மானிப்பவர்கள் இந்த ஒரு ஒப்பீட்டுக்கு விடை சொல்லட்டும்.

வாதத்தின் மறுபாதி ‘ஸ்டாப்பிங் பவர்’, அதாவது சுடப்பட்டவரை உடனே செயலிழக்கச் செய்யும் திறன். பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்று புகார் எழ, 1904-இல் அமெரிக்க ராணுவத்தின் தாம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோவில் கால்நடைகள் மீது சுட்டுச் சோதித்தார்கள். சடலங்களிலும் சோதனை நடந்தது. .45-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். 1911-இல் அந்த அளவுக் கைத்துப்பாக்கி வந்தது. 1986-இல் மயாமியில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கும் கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், கொள்ளையர் ஒருவர் மீது பாய்ந்த ஒரு 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அதன்பின் எஃப்.பி.ஐ. அகலத்தைவிட ஆழத்தைப் பார்க்கத் தொடங்கியது: உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் பயன்படும் ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் பாய வேண்டும். 10 மி.மீ., .40 என்று மாறிப் பார்த்து, குண்டு வடிவமைப்பு மேம்பட்ட பிறகு 9 மி.மீ.-க்கே அது திரும்பியது.

‘ஸ்டாப்பிங் பவர்’ என்பதை ‘வீழ்த்துதிறன்’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியாது. சுடுபவரின் கை உணரும் உந்தத்தைவிடக் குண்டு கொண்டுசெல்லும் உந்தம் அதிகமல்ல. மூளையோ தண்டுவடமோ சிதைந்தால் உடனே செயல் நிற்கும். மற்றபடி இரத்தம் இழந்து தளர நேரமாகும். இதயத்தில் குண்டு பட்டவர்கூடப் பத்து விநாடி இயங்கக்கூடும். ஆகவே ‘முடக்குதிறன்’ என்பதே பொருத்தம். அது குழல்விட்டத்தின் தன்மை அல்ல. குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்பதன் விளைவு.